பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வருகிறது, கதை பிடிபடவில்லை: ஒரு பத்தி எழுத்தாளரின் முதல் நாவலை வாசிப்பது பற்றி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையொன்றின் அலுவலகத்தில் வேலை செய்பவர். ஞாயிறு பதிப்புகளுக்கு அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரைகளும் எழுதுகிறார். அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் டேவ் பேரியின் கட்டுரைத் தொகுப்புகளை விரும்பிப் படித்தவர் என்பதால், அவருடைய முதல் நாவலான ‘பிக் டிரபிள்’ ஈப்போவில் பழைய புத்தகக் கடையொன்றில் கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டார். ஆனால் ஐம்பது, அறுபது பக்கங்களோடு நின்றுபோயிருக்கிறார். “பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வருகிறது, ஆனால் யார் யாரென்று பிடிபடவில்லை. குறை என்னிடமா, நாவலிடமா? பத்தி எழுதிப் பழகியவர் நாவல் எழுதினால் பத்திகளைக் கோத்து வைத்ததாகத்தான் அமையுமா? தோட்டத்து வாழ்வை வைத்து இப்படியொரு நாவலை நம்மால் எழுத முடியுமா?” என்பவை அவர் கேள்விகள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

குறை இருவரிடமும் இல்லை. பத்தியை வாசிக்கும் பழக்கத்தோடு நாவலுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாளிதழ்ப் பத்தி என்பது எண்ணூறு சொற்களுக்குள் முடிந்துவிட வேண்டிய வடிவம். முதல் வரியிலேயே வாசகரைப் பிடித்து, நாலு வரிக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்து, கடைசி வரியில் இன்னொன்றைப் போட்டு அனுப்பிவிட வேண்டும். முந்தின வாரம் என்ன எழுதினார் என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை; அடுத்த வாரம் என்ன வரும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. அப்படி வாசித்துப் பழகிய கண், நாவலிலும் ஒவ்வொரு பக்கத்திலும் கூலி கேட்கிறது. கூலி கிடைத்துவிட்டால் திருப்தியோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பக்கத்தில் யார் எந்தப் பொருளை எங்கே வைத்துவிட்டுப் போனார் என்பதைக் கவனிப்பதில்லை. நாவலோ முழுக்க முழுக்க அந்தப் பொருள்களின் மேல்தான் ஓடுகிறது.

இன்னும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. தோட்டத்துத் திருவிழா மேடைகளில் விடிய விடிய நாடகம் போட்ட காலத்தை நம் மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். அந்த நாடகங்களில் பபூன் மேடைக்கு வந்தால் ராஜாவையோ மந்திரியையோ பார்த்துப் பேசமாட்டான். கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவான். தான் சிரிக்க வைக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும், அது அவனுக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். பத்தி எழுத்தாளர் அந்தப் பபூனின் இடத்தில் நிற்பவர். அவர் தன்னையே கோமாளியாக்கிக்கொள்வார், மனைவியிடம் தோற்பார், குழாய் பழுதுபார்க்கப் போய் வீட்டை வெள்ளக்காடாக்குவார். ஆனால் இவையெல்லாம் வேடிக்கை என்பதை அறிந்த ஒரே ஆளாக அவரே இருப்பார். நாவலில் அந்த இடம் காலியாகிவிடுகிறது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் தத்தம் காரியத்தை மிகுந்த தீவிரத்தோடு செய்கிறவர்கள். தாங்கள் வேடிக்கையானவர்கள் என்பது அவர்களில் எவருக்கும் தெரியாது, தெரிந்துவிட்டால் சிரிப்புக் கெட்டுவிடும். பத்தி எழுத்தாளரின் முதல் நகைச்சுவை நாவலை எடைபோட நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: ஆசிரியர் மேடையை விட்டு இறங்கினாரா, எந்தப் பக்கத்தில் இறங்கினார், பிறகு எத்தனை முறை மறுபடி ஏறிவிட்டார்?

டேவ் பேரிக்கு இந்த இறக்கம் எளிதல்ல. அவர் 1983ஆம் ஆண்டு முதல் புளோரிடா மாநிலத்தின் ‘மயாமி ஹெரால்ட்’ நாளிதழில் பணியாற்றியவர். அங்கிருந்து அவருடைய வாரப் பத்தி நூற்றுக்கணக்கான அமெரிக்க நாளிதழ்களுக்குப் போனது. 1988இல் அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசு, கருத்துரைப் பிரிவில் அவருக்குக் கிடைத்தது. சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவருக்கு அந்தப் பரிசு கிடைப்பது அரிது. அவருடைய பத்திகளை வாசித்தவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகியிருக்கும்: ‘இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை’ என்பார். 1970இல் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் ஒதுங்கிய செத்த திமிங்கிலத்தை நெடுஞ்சாலைத் துறையினர் டைனமைட் வைத்துத் தகர்க்கப் போய், கொழுப்புத் துண்டுகள் மழையாகப் பொழிந்து ஒரு காரையே நசுக்கிய உண்மைச் சம்பவத்தைப் பற்றி அவர் எழுதிய பத்தி அவருடைய மிகப் பிரபலமான பத்திகளில் ஒன்று. அதன் சிரிப்பில் பாதி, இது நடந்தது என்ற உறுதியிலிருந்து பிறக்கிறது. உலகம் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, நான் வெறுமனே சொல்கிறேன் என்பதுதான் அவருடைய பத்திகளின் அடித்தளம். நாவல் எழுத உட்கார்ந்ததும் அந்த வாசகம் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. இப்போது எல்லாமே கற்பனைதான். திமிங்கிலம் வெடித்தால் வெடிக்க வைத்தவர் அவரே. எனவே ‘நடந்தது’ என்ற உறுதிக்குப் பதிலாக, ‘இந்த ஆட்கள் இந்த இடத்தில் இருந்தால் இது நடக்காமல் இருக்காது’ என்ற உறுதியை அவர் கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் நின்றுபோன அந்த முதல் அறுபது பக்கங்கள் அந்தக் கட்டுமான வேலைதான்.

அந்த வேலைக்கு அவர் தன் நாளிதழ் அனுபவத்தையே மூலதனமாக்கியிருப்பதைக் கவனியுங்கள். நாவலின் தொடக்கத்தில் பகி என்ற வீடற்ற நாடோடி மயாமிக்கு வந்து சேர்கிறான். வந்ததும் யாரோ அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பணம் கொடுத்து, வெவ்வேறு பெயர்களில் பலமுறை வாக்களிக்க வைக்கிறார்கள். நமக்கு இது வேடிக்கைக் கற்பனையாகத் தோன்றும். 1997ஆம் ஆண்டு மயாமி மேயர் தேர்தலில் இறந்தவர்கள் பெயரில்கூட வாக்குகள் பதிவானதை அம்பலப்படுத்தியதற்காக அதே ‘மயாமி ஹெரால்ட்’ 1999இல் புலனாய்வுக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. நாவல் வெளிவந்ததும் அதே 1999இல்தான். பத்தியில் என்றால் ‘கற்பனை இல்லை’ என்று ஒரு வரி சேர்த்திருப்பார். நாவலில் அந்த வரி இல்லை. பகி தனக்குக் கிடைத்த பணத்தை எண்ணிப் பார்த்து, இது நல்ல ஊர் என்று முடிவுகட்டுகிறான், அவ்வளவுதான். ஆசிரியர் மேடையை விட்டு இறங்கிய முதல் இடம் என்று நான் இதைச் சொல்வேன்.

இனி அந்த நெரிசலுக்கு வருவோம். நீங்கள் ‘யார் யாரென்று பிடிபடவில்லை’ என்று சொல்லும் கூட்டம் இதுதான். நாளிதழ் வேலையை விட்டுவிட்டுச் சிறு விளம்பர நிறுவனம் நடத்தும் எலியட், அவருடைய பள்ளிவயது மகன் மேட். ஊழல் மலிந்த கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே அதன் பணத்தைக் கையாடும் ஆர்தர் ஹெர்க், அவனைச் சகித்துக்கொண்டு வாழும் மனைவி ஆனா, மகள் ஜென்னி, வீட்டுப் பணிப்பெண் நினா, ரோஜர் என்ற நாய். ஹெர்க்கைத் தீர்த்துக்கட்ட அவனுடைய முதலாளிகள் நியூ ஜெர்சியிலிருந்து வரவழைத்த இரு கூலிக் கொலையாளிகள். ரஷ்யர்கள் நடத்தும் ஒரு மட்டமான மதுக்கடை. அங்கே மதுவைவிட ஆயுதம் அதிகம் விற்கிறது. அந்தக் கடையைக் கொள்ளையடிக்கக் கிளம்பும் இரு அரைகுறைத் திருடர்கள். இவர்களுக்கு நடுவே இரண்டு காவலர்கள். இத்தனை பேரையும் முகம் முகமாக நினைவில் நிறுத்த முயன்றால் தோற்றுத்தான் போவீர்கள். என் யோசனை, ஆட்களை விட்டுவிட்டுப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது. ஒரு தண்ணீர்த் துப்பாக்கி, ஓர் உண்மையான துப்பாக்கி, ஓர் உலோகப் பெட்டி, ஒரு நாய்ச்சோற்றுத் தட்டு. இந்த நான்கும் எந்தப் பக்கத்தில் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனால் கதை தானாகப் பிடிபடும்.

எப்படி என்று ஓர் இரவை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். அங்கே பள்ளி மாணவர்களிடையே ஒரு விளையாட்டு நடக்கிறது: ஒவ்வொருவரும் தனக்கென்று குறிக்கப்பட்ட இன்னொருவரைத் தண்ணீர்த் துப்பாக்கியால் சுட்டு நனைக்க வேண்டும். மேட்டுக்குக் கிடைத்த பெயர் ஜென்னி. அவன் இரவில் அவள் வீட்டுக்குள் பதுங்கி நுழைகிறான். அதே இரவில், அதே வீட்டில், அவளுடைய தந்தையைச் சுட உண்மையான துப்பாக்கியோடு கூலிக் கொலையாளிகள் தோட்டத்துப் புதரில் காத்திருக்கிறார்கள். அந்த வீட்டு மரத்தின் மேலேயே பகி குடியிருக்கிறான். ஒரே இலக்கு இடம், ஒரே நேரம், ஒரே மாதிரியான செயல். ஒன்று விளையாட்டு, மற்றது கொலை. இரண்டும் மோதும்போது எவரும் நகைச்சுவையாக ஒரு சொல்கூடப் பேசத் தேவையில்லை. பயந்து ஓடினாலே போதும், நாம் சிரித்துவிடுகிறோம். முன்னால் மேட் விளையாட்டின் விதிகளை விளக்கியபோது அந்தப் பகுதி உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றியிருக்கும். இங்கே அது வட்டியோடு திரும்பி வருகிறது. பத்தி வடிவத்தில் இந்தத் தாமதம் சாத்தியமே இல்லை. முதலைப் போட்டு இவ்வளவு காலம் காத்திருக்க எண்ணூறு சொற்களில் இடமில்லை.

நாய்ச்சோற்றுத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரோஜரின் தட்டில் ஒரு பெரிய தேரை வந்து உட்கார்ந்துகொண்டு அதன் சோற்றைத் தின்கிறது. நாய் தினமும் குரைத்துக் குரைத்து ஓய்கிறது. நகரத்து விமர்சகர்கள் இதை அபத்தக் கற்பனை என்று நினைக்கலாம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுப் பின்வாசலில் விளக்கைச் சுற்றும் ஈசலைத் தின்ன வரும் தேரைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. அந்தத் தேரை உண்மையானது: தென்னமெரிக்காவைச் சேர்ந்த கரும்புத் தேரை, பூச்சியை ஒழிக்கவென்று பல நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டுப் பெருகிய இனம், புளோரிடாவில் வேரூன்றிவிட்டது. அதன் கழுத்துச் சுரப்பிகளில் ஊறும் நஞ்சு, கடித்த நாயைக் கொன்றுவிடக்கூடியது. அந்த நஞ்சு நாவலில் ஹெர்க்கின் கண்ணிலும் வாயிலும் பட்டு, அவன் நாயைப் பார்த்து வேறு யாரோ என்று எண்ணிப் பேசத் தொடங்கும்போது, வெறும் வேடிக்கைக்காக வைத்ததாகத் தோன்றிய தேரை கதையின் அச்சாணிகளில் ஒன்றாகிவிடுகிறது.

இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் இறங்கிய மேடையில் மறுபடி ஏறும் இடங்கள் நிறையவே உண்டு. எலியட் அதற்கு முதற்சான்று. நாளிதழில் பத்தி எழுதியவர், சலிப்பானவர், மகனிடம் மதிப்பில்லாதவர் என்று அவரை வரைந்திருப்பதைப் பார்த்தாலே, பத்தியில் வாராவாரம் ‘நான்’ என்று வந்தவர் பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது விளங்கிவிடும். எலியட் இருக்கும் பக்கங்களில் கதை மெல்லத்தான் நகர்கிறது; விளம்பரம் கேட்டு வரும் பீர் முதலாளியின் காட்சி தனிப் பத்தியாக வெளியிடத் தகுந்தது, நாவலுக்கு அது இல்லாமலும் ஆகும். பெண் பாத்திரங்கள் கெட்டவர்களிடமிருந்து காப்பாற்றப்படவும் நல்லவர்களைக் காதலிக்கவும் மட்டுமே வருகிறார்கள். ஆனாவுக்கென்று ஒரு தவறான ஆசைகூட இல்லை என்பதால் அவளை வைத்துச் சிரிக்கவும் முடியவில்லை, அவளுக்காக அஞ்சவும் முடியவில்லை. நகைச்சுவை நாவலில் ஆசை இல்லாத பாத்திரம் வீண். இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் பகியைப் பாருங்கள். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு மரம், கொஞ்சம் பீர், யாரும் தொந்தரவு செய்யாத தூக்கம். அந்தச் சிறிய ஆசைக்குக் குறுக்கே அணுகுண்டு வந்து நிற்கிறது. நாவலில் உயிரோடு இருக்கும் ஆள் அவன்தான்.

அணுகுண்டு என்றதும் அந்த உலோகப் பெட்டியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய வாசகர் அங்கே தடுக்கி நிற்பார். பெட்டிக்குள் இருப்பது அணுகுண்டு என்று அறியாத திருடர்கள் அதைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிறார்கள். பாதுகாப்புச் சோதனையில் அது சிரமமின்றிக் கடந்துபோகிறது. 1999இல் அது வாசகர்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்திருக்கும். நாவலைத் தழுவிய படம் பாரி சானன்ஃபெல்ட் இயக்கத்தில் முடிந்து, 2001 செப்டம்பர் 21ஆம் நாள் வெளிவருவதாக இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் நியூயார்க்கில் நடந்தது உலகமே அறிந்தது. படத்தைத் தள்ளிவைத்து 2002 ஏப்ரலில் வெளியிட்டார்கள், ஓடவில்லை. அந்த அத்தியாயத்தை வாசிக்கும்போது சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டால் அது நாவலின் கைத்திறனில் உள்ள பழுது அல்ல. சோம்பேறித்தனமும் விதிமுறைகளும் சேர்ந்தால் எதுவும் உள்ளே போய்விடும் என்று ஒரு பத்தி எழுத்தாளர் இரண்டாண்டு முன்பே கவனித்து வைத்திருந்தார் என்பதுதான் அதில் உறுத்துவது.

பத்தி எழுதிப் பழகியவர் நாவல் எழுதினால் கோவையாகத்தான் அமையுமா என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு வரலாறு இரண்டு விதமாகவும் பதில் சொல்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் சோம்பலைப் பற்றிய கட்டுரைகளால் 1886இல் பெயர் பெற்றவர். 1889இல் அவர் எழுதிய, மூன்று நண்பர்கள் படகில் போகும் கதை, தேம்ஸ் நதிக்கரை ஊர்களைப் பற்றிய வழிகாட்டி நூலாகத் தொடங்கியது. அது கோவைதான், சந்தேகமில்லை. பாலாடைக்கட்டியின் நாற்றம், கூடாரம் கட்டும் பாடு என்று ஒவ்வொன்றும் தனிக் கட்டுரை. ஆனாலும் நிற்கிறது, ஏனெனில் நதிக்கு ஒரே வழிதான், படகும் அந்த வழியே எதிரேறிப் போகிறது. ஆசிரியர் கதையைக் கட்ட வேண்டிய தேவை இல்லை. மறுபுறம் இன்னோர் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர், வோட்ஹவுஸ். அவர் லண்டனில் ‘குளோப்’ நாளிதழின் வேடிக்கைப் பத்தியை நாள்தோறும் எழுதிப் பிழைத்த காலத்தில்தான், 1906இல், கோழிப்பண்ணை வைக்கும் ஒரு வெற்று வீராப்புக்காரனைப் பற்றிப் பெரியவர்களுக்கான தம் முதல் நகைச்சுவை நாவலை வெளியிட்டார். அதில் அவருக்கே திருப்தியில்லை. 1921இல் திருத்தி எழுதினார். பிற்காலத்தில் ஒரு நாவலின் முதல் வரியை எழுதுமுன் கதைத்திட்டத்தையே நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு எழுதிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு வந்தது. டேவ் பேரி இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தவர். அவருக்கு நேர் முன்னோடி, அதே நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டே புளோரிடாவின் ஊழலைக் குற்றக்கதைகளாக்கிய கார்ல் ஹயாசன்.

நம் மொழியில் நிலைமை வேறு. கல்கி முதலில் வாசகர்களைக் கவர்ந்தது ஆனந்த விகடனில் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளால்தான்; ஆனால் 1937இல் அவர் விகடனில் தொடர்கதை எழுத வந்தபோது எடுத்துக்கொண்டது ஒரு கள்வனின் காதலையும் சாவையும். சிரிப்பை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு உணர்ச்சியை நடுவில் வைத்தார், வாசகர்களும் அதையே விரும்பினார்கள். தேவன்தான் மறுவழியில் போனார். அவருடைய துப்பறியும் சாம்புவை நினைத்துப் பாருங்கள். வங்கிக் குமாஸ்தா, அசடு; எதையோ தப்பாகச் செய்யப் போய்க் குற்றவாளி அகப்பட்டுக்கொள்கிறான்; ஊர் அவனை மேதை என்கிறது. சாம்பு ஒருபோதும் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. டேவ் பேரி ஒரு நாவல் முழுக்கத் திணறிக் கற்றுக்கொண்டதைத் தேவன் 1940களிலேயே இயல்பாகச் செய்துவிட்டார் என்று நான் சொன்னால் அது தமிழ்ப் பற்று மட்டுமல்ல. சாம்புவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘பிக் டிரபிள்’ வாசித்தால் உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் மூன்றாம் கேள்வி. தோட்டத்தை வைத்து நம் நாட்டில் எழுதப்பட்ட நாவல்களில் பெரும்பாலானவை துயரத்தையே பேசின. அதற்குக் காரணமும் உண்டு. ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண இரயில், 1948 ஜூன் 16இல் நம் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலம், பிறகு பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் என்று அடுத்தடுத்து அடிகள் விழுந்தன. துண்டாடலுக்கு விடையாக அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டுகிறவர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வேண்டியிருந்த காலத்தில் எழுதியவர்களிடம் சிரிப்பு நாவல் கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். ஆனால் தோட்டத்தில் சிரிப்பு இல்லாமல் இருந்ததில்லை. காலையில் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் கிராணிக்கு (தோட்டத்துக் கணக்கருக்கு) வைத்த பட்டப்பெயர்களை மட்டும் தொகுத்தாலே ஒரு நூலாகும். அது வாய்மொழியிலேயே தங்கிவிட்டது, ஞாயிறு பதிப்புத் துணுக்குகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, நாவல் வரை வந்து சேரவில்லை.

நாவலாக்குவதற்கு வேண்டிய இடவசதி நம்மிடம் அபரிமிதமாக உண்டு. மயாமியில் டேவ் பேரி பாடுபட்டு ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த மோதலுக்குத் தோட்டம் இயற்கையாகவே அமைந்தது: உள்ளே வர ஒரே வழி, ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு ஒட்டுக்கடை, சுவர் ஒட்டிய லயங்கள், குன்றின் மேல் துரை பங்களா. எவரும் எவரையும் தவிர்க்க முடியாது. கோயில் திருவிழாவுக்கு முந்தின இரவை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் கமிட்டியில் இரண்டு அணி. ஒரு அணி உண்டியலை மறைத்து வைக்க நினைக்கிறது, மற்ற அணி அதைக் கண்டுபிடிக்க நினைக்கிறது. ஒருவர் நாலு நம்பர் லாட்டரிக்குக் கனவுபலன் கேட்கச் சாமியாடியைத் தேடிப் போகிறார். ஸ்டோரிலிருந்து உர மூட்டை கடத்துகிறவருக்கும் அந்த இரவே வசதியாக இருக்கிறது. புதிதாக வந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் எதுவும் புரியாமல், கண்ணில் பட்ட கனமான சாமானைத் தூக்கிக்கொடுத்து எல்லோருக்கும் உதவி செய்கிறார். செம்பனைக் காட்டுக்குள் புகுந்த மாட்டைத் தேடி ஒரு பாட்டி கையில் டார்ச் லைட்டோடு அலைகிறார். இவர்களில் எவரும் சிரிப்புக்காக எதையும் செய்யவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, உண்டியல், உர மூட்டை, டார்ச் லைட் ஆகிய மூன்றையும் இருட்டில் கைமாற விட்டால் நாவலின் நடுப்பகுதி கிடைத்துவிடும். பேச்சுத் தமிழில் நாம் வாக்கிய முடிவில் ஒட்டும் ‘லா’வைத் தூவினால் சிரிப்பு வந்துவிடும் என்று நம் துணுக்கு எழுத்தாளர்கள் நம்புவதை மட்டும் விட்டுவிடுங்கள், அது பத்துப் பக்கத்துக்கு மேல் தாங்காது.

உங்கள் கட்டுரைகளை வாசித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், தம்பி. உங்கள் பலம் உவமை. ஒவ்வொரு கட்டுரையிலும் மூன்று நான்கு நல்ல உவமைகள் வந்துவிடுகின்றன. நாவலில் அவற்றை யார் சொல்வது என்பது உங்களுக்குப் பெரிய சிக்கலாக இருக்கும். கதைசொல்லி சொன்னால் எல்லாப் பாத்திரங்களும் உங்கள் கண்ணாலேயே தெரிவார்கள்; பாத்திரம் சொன்னால் அவன் புத்திசாலியாகிவிடுவான், புத்திசாலி நகைச்சுவை நாவலில் எளிதில் தப்பித்துவிடுவான். முதல் வரைவில் வேண்டியதை எல்லாம் எழுதுங்கள். இரண்டாம் வரைவில், நீக்கினாலும் நிகழ்ச்சி நகரும் என்கிற ஒவ்வொரு உவமையையும் எடுத்து ஞாயிறு பதிப்புக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவற்றுக்கு வேலை இருக்கிறது.

வாசகர் வட்டத்தில் இந்த நாவலைப் பேச எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் வருகிற கூட்டத்தில் வேண்டாம். கெட்ட வார்த்தைகள் உண்டென்று ஆசிரியரே தொடக்கத்தில் எச்சரித்திருக்கிறார், அந்த எச்சரிக்கை விளையாட்டுக்கு எழுதியதல்ல. மூத்த உறுப்பினர்களிடம் முழு நாவலையும் கொடுக்காமல் அந்த ஓர் இரவின் அத்தியாயத்தையும் சாம்பு கதை ஒன்றையும் மட்டும் கொடுங்கள். பேச்சுத் தானாகத் தொடங்கும். நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடராமல் முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசியுங்கள், பெரிய நூலல்ல, முந்நூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அது பிடித்துப்போனால் 2002இல் வந்த அவருடைய அடுத்த நாவல் ‘டிரிக்கி பிசினஸ்’ இருக்கிறது. புயலடிக்கும் இரவில் கடலுக்குப் போகும் ஒரு சூதாட்டக் கப்பலில் நடக்கும் கதை. இடம் இன்னும் குறுகியது, எலியட்டைப் போன்ற பத்தி எழுத்தாளர் அதில் இல்லை.